கோச் "கிரேடு பார்த்துக்கலாம்" என்றால் நம்பலாமா?

கேட்டி அப்பா, 2025 செப்டம்பர் 8, மாலை 6.15

ஹியூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். மகன் பத்தாவது. சாக்கர் ஆடிக்கொண்டிருந்தவனை, கால் நல்ல பலம் என்று ஸ்கூல் ஃபுட்பால் கோச் கிக்கராக இழுத்துக்கொண்டார். கோடையில் ஒரு கேம்ப் போனான். அங்கே ஒரு உதவி கோச், "கிரேடு பற்றிக் கவலை வேண்டாம், காலேஜ் வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றாராம். போன வாரம் பெரிய யூனிவர்சிட்டி ஒன்றிலிருந்து கடிதமும் வந்திருக்கிறது. இவன் இப்போது புத்தகத்தைத் தொடுவதே இல்லை. ஃபுட்பால் ஆடுகிறவர்கள் உண்மையிலேயே படிக்க வேண்டியதில்லையா? இங்கே யாருக்காவது நேரடி அனுபவம் உண்டா?

2025 செப்டம்பர் 9, இரவு 10.40

எனக்கு உண்டு. 2004-இல் புள்ளியியல் மேல்படிப்புக்குத் தென் மாநிலம் ஒன்றின் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். அடுத்த ஆண்டிலிருந்து இரண்டு வருடம் விளையாட்டு வீரர்களுக்கு டியூஷன் எடுத்தேன். மணிக்குப் பத்து டாலர். நூலகத்தில் புத்தகம் அடுக்குவதைவிட நல்ல சம்பளம். ஏசி உண்டு, பழம் இலவசம்.

முதலில் கடிதத்தைப் பார்ப்போம். காலேஜ் விளையாட்டில் மேல்மட்டமான 'டிவிஷன் 1' பிரிவில் ஃபுட்பால் கோச் ஒரு மாணவனுக்கு ஆள்சேர்ப்புக் கடிதம் அனுப்ப, அந்தப் பையன் பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1 வர வேண்டும். அதற்கு முன் கேம்ப் அழைப்பும் கேள்விப் படிவமும் மட்டும்தான் அனுப்பலாம். உங்கள் மகன் பத்தாவது என்கிறீர்கள். கையில் இருப்பது பெரும்பாலும் அடுத்த கோடை கேம்ப்புக்கான விளம்பரமாகத்தான் இருக்கும். கடைசிப் பத்தியில் கட்டணம் எவ்வளவு என்று இருக்கிறதா பாருங்கள். மகன் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

படிக்க வேண்டியதில்லையா என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் இல்லை. படிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. படித்தானா என்று விதி பார்ப்பதில்லை. சனிக்கிழமை களத்தில் இறங்கத் தகுதி இருக்கிறதா என்பதோடு அதன் அக்கறை முடிந்துவிடும்.

ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறேன்: அந்த இரண்டு வருடத்தில் நான் யாருக்கும் ஒரு வரிகூட எழுதிக் கொடுத்ததில்லை.

2025 செப்டம்பர் 9, இரவு 11.20

சென்னையிலிருந்து படிக்கிறவர்களுக்கு: இங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்து, தலையில் ஹெல்மெட், காலுக்கு வேலை குறைவு. அணியில் பந்தைக் காலால் உதைப்பதற்கென்றே இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். கேட்டி அப்பாவின் மகன் அதில் ஒருவன்.

2025 செப்டம்பர் 11

ஹைஸ்கூல் பக்கக் கணக்கு இது. காலேஜ் விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்புதான் தகுதி விதியை வைத்திருக்கிறது. 'டிவிஷன் 1' பிரிவுக்கு 16 மையப் பாடங்கள் வேண்டும்: நான்கு வருடம் ஆங்கிலம், மூன்று வருடம் கணக்கு (அல்ஜீப்ரா ஒன்றிலிருந்து மேலே), இரண்டு வருடம் அறிவியல், இரண்டு வருடம் சமூக அறிவியல், மீதி கூடுதல் பாடங்கள். அவற்றில் மட்டும் சராசரி நாலுக்கு 2.3 வேண்டும். உடற்பயிற்சி வகுப்பில் வாங்கிய ஏ கிரேடு இந்தக் கணக்கில் வராது.

பலர் வழுக்கி விழுவது இன்னொரு இடத்தில். பதினாறில் பத்துப் பாடங்களை ஏழாவது செமஸ்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு, ஆங்கிலம், கணக்கு, அறிவியலில் இருக்க வேண்டும். அந்தப் பத்தின் கிரேடும் அதோடு பூட்டப்பட்டுவிடும். கடைசி வருடம் மறுபடி எடுத்து உயர்த்திக்கொள்ளலாம் என்பது நடக்காது. இது 2016-இல் வந்தது. அதற்கு முன்னால் கடைசிக் கோடையில் நாலைந்து பாடத்தை அள்ளிப்போட்டு முடித்துக் கரை சேர்ந்தவர்கள் நிறைய.

கேம்ப்பில் அந்த உதவி கோச் சொன்னது "காலேஜ் வந்தால்". இந்தப் பதினாறும் காலேஜ் வருவதற்கு முன்னால். அதை அவரால் பார்த்துக்கொள்ள முடியாது.

2025 செப்டம்பர் 13

எஸ்.ஏ.டி. என்ற காலேஜ் சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண் வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2023 ஜனவரியில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகம் தன் சேர்க்கைக்குத் தனியாகக் கேட்கலாம், அது வேறு.

அது உள்ளே வந்த கதை பெரியது. 1986-இல் முன்மொழிவு 48 என்ற என்.சி.ஏ.ஏ. விதி நடைமுறைக்கு வந்தது. பதினோரு மையப் பாடத்தில் 2.0 சராசரி, கூடவே எஸ்.ஏ.டி.யில் 700. இரண்டில் ஒன்று குறைந்தாலும் முதல் வருடம் களத்தில் இறங்க முடியாது. 700 பெரிய மதிப்பெண் இல்லை. ஆனால் அது யாரை வெளியே நிறுத்தியது என்று பார்த்தால், பெரும்பாலும் மோசமான பள்ளிகளிலிருந்து வந்த கறுப்பினப் பையன்கள். 1989-இல் இன்னும் ஒரு படி போய், ஓரளவு மட்டும் தகுதி பெற்றவர்களுக்கு உதவித்தொகையே கிடையாது என்று முன்மொழிவு 42 கொண்டுவந்தபோது, ஜார்ஜ்டவுன் கூடைப்பந்து கோச் ஜான் தாம்ப்சன் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அரங்கத்தைவிட்டு நடந்து வெளியேறினார். அடுத்த வருடமே அந்த விதியைத் தளர்த்தினார்கள்.

நான் மாணவனாக இருந்தபோது "ஒரு தேர்வு வைத்தால் என்ன தப்பு, எல்லாருக்கும் ஒரே கேள்விதானே" என்ற கட்சியில் இருந்தேன். நுழைவுத் தேர்வில் ஊறி வளர்ந்த ஆள் வேறு எப்படிப் பேசுவான். டியூஷன் எடுத்த பிறகு அந்தக் கட்சியிலிருந்து விலகிவிட்டேன். என்னிடம் வந்த ஒருவனுக்கு ஹைஸ்கூலில் இரண்டு வருடம் கணக்கு வாத்தியாரே கிடையாது. தற்காலிக ஆசிரியர் வருவார், படம் போடுவார், போய்விடுவார்.

2025 செப்டம்பர் 14

டெக்சாஸ்காரர் கேட்டதால் டெக்சாஸ் கதை. உங்கள் ஊரில் "பாஸ் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை" என்று மாநிலச் சட்டமே உண்டு. 1984-இல் வந்தது. ஒரு பாடத்தில் எழுபதுக்குக் கீழே போனால் ஆறு வாரம் வெளியே உட்கார வேண்டும். பிறகு அது மூன்று வாரமானது. இதற்குப் பின்னால் இருந்தவர் ராஸ் பெரோ, பிற்பாடு ஜனாதிபதித் தேர்தலில் நின்ற அதே கோடீஸ்வரர். அவர் தலைமையில் குழு போட்ட ஆளுநர் மார்க் வைட் 1986 தேர்தலில் தோற்றார். கோச்சுகளின் கோபமும் ஒரு காரணம் என்று இன்றும் சொல்வார்கள். அவரைத் தோற்கடித்தவர் பில் கிளெமெண்ட்ஸ்.

அந்தக் கிளெமெண்ட்ஸ் யார்? டல்லாஸில் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் தலைவராக இருந்தவர். அங்கே ஃபுட்பால் வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் போய்க்கொண்டிருந்தது. பிடிபட்டுத் தண்டனை வாங்கிய பிறகும், ஏற்கெனவே வாக்குக் கொடுத்த பையன்களுக்குத் தொடர்ந்து கொடுப்பது என்று உள்ளுக்குள் முடிவெடுத்தார்கள். அதில் தனக்கும் பங்கு உண்டு என்று ஆளுநர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே 1987 மார்ச்சில் ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய மாதம்தான் என்.சி.ஏ.ஏ. அந்த அணிக்கு மரண தண்டனை என்று பேர் வாங்கிய தண்டனையைக் கொடுத்திருந்தது. 1987 சீசன் முழுவதும் ரத்து. 1988-ஐ அவர்களே விட்டுவிட்டார்கள். மறுபடி சீசன் கடைசி பவுல் ஆட்டம் ஒன்றுக்குப் போக 2009 ஆனது.

படித்தால்தான் ஆட்டம் என்ற ஆளுநர் வீட்டுக்குப் போனார். காசு கொடுத்து ஆடவைத்த கூட்டத்தில் இருந்தவர் அந்த நாற்காலிக்கு வந்தார். இதற்கு மேல் நான் என்ன எழுத.

2025 செப்டம்பர் 16, காலை

காலேஜுக்குள் நுழைந்த பிறகு என்ன என்று கேட்டி அப்பா மறுபடி கேட்கிறார். பட்டத்துக்குத் தேவையானதில் இரண்டாம் ஆண்டு முடிவில் 25 சதவீதம், மூன்றாம் ஆண்டு முடிவில் 50, நான்காம் ஆண்டு முடிவில் 75 முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட முடியாது.

2025 செப்டம்பர் 16, இரவு

காலையில் எழுதியது பழைய கணக்கு. 2003-இலிருந்து சேர்ந்தவர்களுக்கு 40, 60, 80 என்று ஏற்றிவிட்டார்கள். நான் வேலை பார்த்ததே அந்தக் கணக்கில்தான். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை, வயதாகிறது.

இந்த மூன்று எண்ணைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். நல்லது செய்யத்தான் கொண்டுவந்தார்கள். நாலு வருடம் கிடைத்த லேசான வகுப்பிலெல்லாம் உட்காரவைத்து, ஆட்டம் முடிந்ததும் பட்டம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிய காலம் இருந்தது. டெக்ஸ்டர் மேன்லி நாலு வருடம் ஓக்லஹோமா ஸ்டேட்டில் ஆடி, வாஷிங்டன் அணியில் பெரிய நட்சத்திரமான பிறகு, 1989-இல் செனட் குழுவின் முன் உட்கார்ந்து, தனக்கு வாசிக்கத் தெரியாமலேயே காலேஜ் முடிந்தது என்று அழுதார். அதைத் தடுக்க வேண்டுமென்றால், எடுக்கும் பாடங்கள் ஒரு பட்டத்தை நோக்கிப் போக வேண்டும் என்று சொல்வது நியாயம்தான்.

ஆனால் என்னிடம் படித்த பையனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறடி ஐந்து, முந்நூறு பவுண்டு. தாக்குதல் வரிசையில் இடப்பக்கம் நிற்பவன். நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது. நிகழ்தகவு சொல்லிக் கொடுக்க நான் நாணயம், பகடை என்று ஆரம்பித்தேன், கொட்டாவி விட்டான். "மூன்றாவது டவுன், ஏழு கெஜம் பாக்கி. எதிரணி பாய்ந்து வருமா வராதா?" என்று கேட்டேன். (டவுன் என்றால் பந்தை முன்னே கொண்டுபோகும் ஒரு முயற்சி.) நிமிர்ந்து உட்கார்ந்தான். அடுத்த ஒன்றரை மணி நேரம் அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். நிபந்தனை நிகழ்தகவு என்பது அவன் தினமும் செய்கிற வேலை, பேர்தான் தெரியாது.

இரண்டாம் வருடக் கடைசியில், ஹைஸ்கூல் கணக்கு வாத்தியாராகப் போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்தது. ஆலோசகரிடம் போனான். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதுவரை எடுத்த பாடங்களில் கணக்கு ஆசிரியர் பட்டத்துக்குப் பொருந்துவது கொஞ்சம்தான். மேஜர், அதாவது முதன்மைப் பாடம், மாற்றினால் 40 சதவீதத்துக்குக் கீழே விழுவான், அந்த சீசன் போச்சு. கால்குலஸ் வகுப்பும் பிற்பகல் பயிற்சி நேரத்தில். பொதுப்படிப்பு மாதிரி ஒரு பட்டத்திலேயே இருந்துவிட்டான். அவனோடு அதே வரிசையில் ஆடிய பாதிப் பேர் அதே படிப்பில்தான்.

பக்கத்து அறையில் பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி மூன்று முறை மேஜர் மாற்றினாள், யாரும் கேட்கவில்லை. பட்டம் வாங்கவைக்கப் போட்ட விதி, எந்தப் பட்டம் என்பதையும் சேர்த்து முடிவு செய்துவிடுகிறது. "தகுதியில் மேஜர் செய்கிறான்" என்று இங்கே கேலி சொல்வார்கள். அது பையனைப் பற்றிய கேலி என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2025 செப்டம்பர் 17

வகுப்புக்குப் போகிறார்களா என்று கேட்டவருக்கு: போயாக வேண்டும். வகுப்புச் சோதனை என்றே ஒரு வேலை உண்டு. ஒரு மாணவன் கையில் பட்டியலோடு வகுப்பறைக் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, தலையை எண்ணிக் குறித்துக்கொண்டு போவான். வராதவனுக்கு விடிகாலை ஐந்தரைக்கு மைதானத்தில் ஓட்டம். நம் ஊரில் ஓ.டி. எழுதிக் கொடுத்துவிட்டு மைதானத்தில் கிடக்கலாம், தெரியும்தானே. இங்கே அப்படி இல்லை. உடம்பு வகுப்பில் இருக்கும். தூக்கத்துக்கு யாரும் சோதனை வைக்கவில்லை.

ஆலோசனை அலுவலகச் சுவரில் வெள்ளைப் பலகை ஒன்று இருந்தது. ஒவ்வொரு பேருக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு. கோச் வியாழன் மாலை வந்து சிவப்பை மட்டும் பார்ப்பார்.

2025 செப்டம்பர் 20, சனி

ஆட்டம் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்காதீர்கள்.

என்.சி.ஏ.ஏ. விதிப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது பேகல் விதி. வீரர்களுக்குச் சிற்றுண்டியாகப் பேகல் என்ற வளைய ரொட்டி கொடுக்கலாம். ஆனால் அதில் கிரீம் சீஸ் தடவினால் அது சாப்பாடு ஆகிவிடும், விதிமீறல். இட்லி தரலாம், சட்னி தரக்கூடாது. சத்தியமாக இப்படி ஒரு விதி பல வருடம் இருந்தது. 2014-இல்தான் சாப்பாட்டுக்கு அளவு கிடையாது என்று ஆனது. கனெக்டிகட் கூடைப்பந்து வீரர் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுக்கிறேன் என்று பகிரங்கமாகச் சொன்ன சமயம் அது.

2025 செப்டம்பர் 23

மோசடி எல்லாம் அந்தக் காலம் என்று எழுதியவருக்கு மட்டும் இது.

வட கரோலினா பல்கலைக்கழகம், சாப்பல் ஹில். 18 வருடம், சுமார் 3,100 மாணவர்கள். வகுப்பே நடக்காத வகுப்புகள். ஒரு கட்டுரை கொடுத்தால் போதும், துறைச் செயலாளர் பார்த்து ஏ அல்லது பி போடுவார். அவர் பேராசிரியரே இல்லை. சேர்ந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதி விளையாட்டு வீரர்கள். 2009-இல் அந்தச் செயலாளர் ஓய்வு பெற்ற பிறகு, ஆலோசகர்கள் ஃபுட்பால் கோச்சுகளைக் கூட்டி ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள்: நம் பையன்களை நாம் சேர்த்துவிட்ட வகுப்புகளில் அவர்கள் போக வேண்டாம், குறிப்பெடுக்க வேண்டாம், விழித்திருக்கவும் வேண்டாம், அது இனி இல்லை என்று. 2014-இல் வைன்ஸ்டீன் விசாரணை அறிக்கையில் இதெல்லாம் வந்தது.

தண்டனை? 2017-இல் என்.சி.ஏ.ஏ. கையை விரித்துவிட்டது. சாதாரண மாணவர்களும் அந்த வகுப்புகளில் சேர்ந்திருக்கிறார்கள், ஆகவே இது வீரர்களுக்குக் கொடுத்த தனிச் சலுகை இல்லை என்று.

பக்கத்தில் மிசௌரியை வையுங்கள். 2016-இல் ஒரு டியூட்டர், பன்னிரண்டு வீரர்களின் பாட வேலையைத் தானே செய்து கொடுத்ததாக ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழகம் ஒத்துழைத்தது. 2019-இல் ஃபுட்பால் அணிக்கு சீசன் கடைசி ஆட்டத்துக்குத் தடை. நோட்ர டாம் கதையும் அதே மாதிரி. உள்ளே இருந்த ஒருவர் சில வீரர்களின் பாட வேலையைச் செய்து கொடுத்தார், இரண்டு சீசனில் 21 வெற்றி பதிவேட்டிலிருந்து போனது. ஃப்ளோரிடா ஸ்டேட்டில் இணையவழி இசைத் தேர்வுக்கு விடை சொல்லிக் கொடுத்ததில் 61 வீரர்கள் மாட்டினார்கள். கோச் பாபி பௌடனின் வெற்றிக் கணக்கில் 12 குறைந்தது.

ஆக, பன்னிரண்டு பேருக்குச் செய்தால் குற்றம். மூவாயிரம் பேருக்குப் பொதுவாகச் செய்தால் பாடத்திட்டம்.

2025 செப்டம்பர் 23, நள்ளிரவு தாண்டி

மேலே உள்ளதை எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை.

முதல் நாள் "ஒரு வரிகூட எழுதிக் கொடுத்ததில்லை" என்று எழுதினேன். அது முழு உண்மை இல்லை. 2006 இலையுதிர் பருவத்தில், மேலே சொன்ன அதே பையன், வெள்ளிக்கிழமை வெளியூர் பஸ் கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கும்போது ஒரு ஆய்வறிக்கையோடு வந்தான். தரவு அவனுடையது, கணக்கு அவனுடையது, வரைபடம் அவனுடையது. முடிவுரை மட்டும் நாலு வரி திக்கித் திக்கி இருந்தது. "இதை இப்படிச் சொல்லலாமே" என்று சொல்லிக்கொண்டே கீபோர்டை என் பக்கம் இழுத்து, இரண்டு வாக்கியத்தை நானே அடித்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "தேங்க் யூ சார்" என்றான். அவன் என்னை சார் என்று கூப்பிட்டது அன்று மட்டும்தான், மற்ற நாளெல்லாம் பேர் சொல்லித்தான்.

பெரிய விஷயமா? என் பேராசிரியர் என் கட்டுரையில் இதைவிட அதிகம் மாற்றியிருக்கிறார், அதற்கு வழிகாட்டுதல் என்று பேர். ஆனால் நான் கையெழுத்துப் போட்ட தாளில், மாணவனின் வேலையில் கீபோர்டைத் தொடக்கூடாது என்று தெளிவாக இருந்தது. அவனுக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியும். பஸ் போய்விடுமே என்ற பதற்றத்தில் செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவன் பேர் பலகையில் மஞ்சளில் இருந்தது. அது சிவப்பாவதை நான் பார்க்க விரும்பவில்லை.

2025 செப்டம்பர் 26

நேற்று சிலர் எழுதியதைப் பார்த்தேன். திட்டியவர்கள் சரி. ஆறுதல் சொன்னவர்கள் வேண்டாம்.

எதிர்த்து நின்றவர்களும் இருந்தார்கள் என்பதற்காக ஜான் கெம்ப் (Jan Kemp) என்ற பெண்மணியின் பேரைச் சொல்ல வேண்டும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் அடிப்படை ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர். தேறாத ஃபுட்பால் வீரர்களை நிர்வாகமே தூக்கி மேலே அனுப்பியதைக் கேட்டார், வேலை போனது. வழக்குப் போட்டார். 1986-இல் நடுவர் குழு சுமார் 25 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது, பிறகு அது பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் என்று குறைந்தது. பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். அந்த வழக்கில் பல்கலைக்கழகத்தின் வக்கீல் வாதம் என்ன தெரியுமா? இந்தப் பையனைப் பல்கலைக்கழக மாணவனாக ஆக்க முடியாமல் போகலாம், எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் குப்பை அள்ளுவதற்குப் பதில் தபால் ஆபீஸில் வேலை பார்ப்பானே என்பது. தன் கட்சிக்காரரைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னது இது.

2025 அக்டோபர் 4

வேலை அதிகம், ஒரு வாரம் வரவில்லை. நான் இல்லாத நேரத்தில் இழை கிரிக்கெட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது.

"எல்லாரும் முட்டாள்கள் என்கிறீர்களா" என்று ஒருவர். இல்லவே இல்லை. மைரன் ரோல் ஃப்ளோரிடா ஸ்டேட் தடுப்பு வீரர். 2008-இல் ரோட்ஸ் உதவித்தொகை நேர்காணலை முடித்துக்கொண்டு அதே நாள் விமானத்தில் ஆட்டத்துக்குப் போனார். இப்போது மூளை நரம்பு அறுவை மருத்துவர். ஜோஷுவா டாப்ஸ் டென்னசியில் குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவராக, ஆடிக்கொண்டே விண்வெளிப் பொறியியல் படித்தார்.

எனக்கு அவர்களைவிட கார்டேல் ஜோன்ஸ் மேல்தான் பிரியம். 2012-இல் ஒஹாயோ ஸ்டேட்டில் சேர்ந்த புதுசில், ஃபுட்பால் ஆட வந்தவன் எதற்காக வகுப்புக்குப் போக வேண்டும், பள்ளிக்கூடம் ஆடவா வந்தோம் என்று ட்விட்டரில் எழுதிவிட்டார். நாடே சிரித்தது. மூன்றாம் குவாட்டர்பேக்காக இருந்தவர், முன்னால் இருந்த இருவருக்கும் அடிபட்டதால் களமிறங்கி, 2015 ஜனவரியில் தேசியப் பட்டம் வென்றார். தொழில்முறைக்குப் போன பிறகும் விட்ட பாடங்களை முடித்து 2017-இல் பட்டம் வாங்கினார். அன்று அவர் தொப்பியின் மேல் அந்தப் பழைய ட்வீட்டைக் கிண்டல் செய்துகொண்டார் என்று ஞாபகம்.

2025 அக்டோபர் 5

தொப்பி விஷயத்தை நான் குழப்பிக்கொண்டிருக்கலாம், அதை விட்டுவிடுங்கள். 2017 பட்டம் உறுதி.

2025 அக்டோபர் 19

கேட்டி அப்பா தனிச்செய்தியில் கேட்டதை, அவர் அனுமதியோடு இங்கேயே எழுதுகிறேன். கிக்கருக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

கஷ்டம். ஒரு அணிக்கு 85 முழு ஸ்காலர்ஷிப் என்ற உச்சவரம்பு பல ஆண்டு இருந்தது. கோச்சுகள் அதைக் கிக்கருக்குச் செலவழிக்க யோசிப்பார்கள். முதலில் வாக்-ஆனாக, அதாவது சொந்தக் காசில் படித்துக்கொண்டு அணியில் இரு, நன்றாக ஆடினால் பார்க்கலாம் என்பார்கள். 2025 ஜூனில், வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு கணக்கு மாறிவிட்டது. அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு போய், அணியில் மொத்தமே 105 பேர் என்று வந்திருக்கிறது. வீரர்களுக்கு நேரடியாகப் பணமும் கொடுக்கலாம், பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு சுமார் 2 கோடி டாலர் வரை. கேட்க நன்றாக இருக்கிறது. முன்பெல்லாம் 120 பேருக்கு மேல் வைத்திருந்த இடங்களில் இப்போது இடமில்லாமல் போவது வாக்-ஆன்கள். அதாவது உங்கள் மகன் நுழையக்கூடிய கதவு.

"ஆஃபர்" என்ற சொல்லையும் நம்பாதீர்கள். வாயால் சொன்ன ஆஃபர் யாரையும் கட்டுப்படுத்தாது. 2009-இல் மிசிசிப்பி பல்கலைக்கழகக் கோச் ஹூஸ்டன் நட், வருடத்துக்கு 25 பேர்தான் சேர்க்க முடியும் என்ற நிலையில் 37 பையன்களிடம் கையெழுத்து வாங்கினார். சிலர் தகுதி பெற மாட்டார்கள் என்பது கணக்கு. அதாவது கிரேடு குறைந்தவனையும் தெரிந்தே சேர்த்துக்கொள்வார்கள். அவன் விழுந்தால் இடம் காலி, விழாவிட்டால் ஏதாவது சொல்லிக் காத்திருக்க வைக்கலாம். விமானக் கம்பெனி சீட்டைவிட அதிகம் டிக்கெட் விற்பது மாதிரி. "கிரேடு பார்த்துக்கலாம்" என்பதன் இன்னொரு அர்த்தம் இது.

2025 அக்டோபர் 20

பிஷப் சிகமோர் என்ற பள்ளியைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. 2021 ஆகஸ்டில் ஒஹாயோவிலிருந்து ஒரு ஹைஸ்கூல் அணி, ஈ.எஸ்.பி.என்.-இல் நேரலையாக ஐ.எம்.ஜி. அகாடமி என்ற விளையாட்டுப் பள்ளியிடம் 58-0 என்று உதை வாங்கியது. இரண்டு நாள் முன்னால்தான் இன்னொரு ஆட்டம் ஆடிவிட்டு வந்திருந்தார்கள். அப்புறம் தோண்டிப் பார்த்தால் பள்ளிக்கூடத்தையே காணோம். கிணற்றைக் காணோம் கதைதான். மாநிலக் கல்வித் துறையே அது மோசடி என்று அறிக்கை கொடுத்தது.

சிரித்துவிட்டு யோசித்தால், அந்தப் பையன்களும் ஏதோ ஒரு கோச் "பார்த்துக்கலாம்" என்று சொன்னதைக் கேட்டுத்தான் வந்திருப்பார்கள்.

2025 டிசம்பர் 4

நேற்று முன்கூட்டிய கையெழுத்து நாள், ஹைஸ்கூல் பையன்கள் எந்தக் காலேஜ் அணி என்று கையெழுத்துப் போடும் நாள். மேஜையில் நாலைந்து காலேஜ் தொப்பியை அடுக்கி, ஒன்றை எடுத்துத் தலையில் வைக்கிற சடங்கு. அம்மாக்கள் அழுவார்கள். ஒருவன் தொப்பி எடுத்ததும் அவன் அம்மா முகம் மாறியதைப் பார்த்தேன், அவருக்கு வேறு காலேஜ் பிடித்திருக்கிறது போல. எவன் என்ன படிக்கப் போகிறான் என்று நான் பார்த்த ஒரு நேரலையிலும் யாரும் கேட்கவில்லை.

என் பழைய மாணவனைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். பட்டம் வாங்கினான், நேரத்தில் வாங்கினான். என்.சி.ஏ.ஏ. கணக்கில் அவன் ஒரு வெற்றி. தொழில்முறை அணி எடுக்கவில்லை, முழங்கால் போயிருந்தது. கணக்கு வாத்தியார் ஆக மறுபடி இரண்டு வருடம் படிக்க வேண்டும் என்றார்களாம், கையில் காசில்லை. கடைசியாகப் பேசியபோது கிடங்கு ஒன்றில் இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளர். அது 2012. அதன் பிறகு நம்பர் மாறிவிட்டது.

2025 டிசம்பர் 6

கேட்டி அப்பா திரும்பி வந்திருக்கிறார், மகிழ்ச்சி. ஸ்கூல் கவுன்சிலரோடு உட்கார்ந்து என்.சி.ஏ.ஏ. தளத்தில் தங்கள் பள்ளியின் அங்கீகரித்த பாடப் பட்டியலைப் பார்த்தாராம். மகன் எடுத்த ஒரு பாடம் பட்டியலில் இல்லை. பத்தாவதிலேயே தெரிந்ததால் ஒன்றும் மோசமில்லை. வரும் கோடையில் வேறு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த சம்மர் ஸ்கூல் என்பதையும் அதே பட்டியலில் பார்த்துவிட்டுச் சேருங்கள், கட்டணம் கட்டிய பிறகு பார்க்காதீர்கள்.

அந்தக் கடிதத்தையும் இப்போதுதான் சரியாகப் படித்தாராம். கேம்ப் கட்டணம் கடைசிப் பத்தியில் இருக்கிறது. மகன் பெயரில் ஒரு எழுத்துப்பிழையும் இல்லை, அதில் நான் தோற்றேன். உங்கள் ஆட்டத்தை நேரில் பார்த்து வியந்தோம் என்று ஒரு வரி இருக்கிறதாம். இவன் ஸ்கூல் அணியில் இன்னும் ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை.

பையன் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறானாம். இருக்கட்டும், கழற்றாதீர்கள்.